வினைச்சொல்லுக்கு இரண்டு கோடு

1

மகிழ்ச்சியான நாய் பூங்காவில் வேகமாக ஓடுகிறது.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை எங்கள் ஆங்கில வகுப்பில் தந்த தாளில் முதல் வசனம் இதுதான். ஆங்கிலத்தில் இருந்தது, நான் உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். பெயர்ச்சொல்லைச் சுற்றி வட்டம் போட வேண்டும். வினைச்சொல்லின் கீழ் இரண்டு கோடு. நாய் எப்படிப்பட்டது என்று சொல்லுகிற சொல்லுக்குப் பெட்டி. அது எப்படி ஓடுகிறது என்று சொல்லுகிற சொல்லின் கீழ் பாம்பு போல நெளிந்த கோடு. மொத்தம் பன்னிரண்டு வசனம். பன்னிரண்டிலும் யாருக்கும் ஒரு வருத்தமும் இல்லை. நாய் ஓடுகிறது, பூனை தூங்குகிறது, தபால்காரர் சிரிக்கிறார்.

எனக்கு எழுபத்தொரு வயது. ரொறன்ரோவில் டோர்செட் பார்க் என்ற இடத்தில், ஒரு மாடிக் கட்டடத்தின் பதினோராம் தட்டில் தனியாக இருக்கிறேன். இங்கே வந்து பத்தொன்பது வருடம். எங்கள் பூங்காவில் சிரிக்கிற தபால்காரரையும் நான் கண்டதில்லை, வேகமாக ஓடுகிற நாயையும் கண்டதில்லை. எல்லா நாயும் கயிற்றில்தான் போகிறது. அது ஓடினால் எனக்கென்ன, படுத்தால் எனக்கென்ன?

வகுப்பு, சமூக நிலையம் ஒன்றின் பின்பக்க அறையில், திங்கள் முதல் வியாழன் வரை காலையில் நடக்கும். நான் இரண்டாம் படியில் இருக்கிறேன். இரண்டு வருடமாக இரண்டாம் படியில்தான் இருக்கிறேன். சேர்ந்த புதிதில் மிஸ் என்னிடம் வெர்ப் எங்கே என்று கேட்டார். நான் விழித்தேன். மிஸ் நல்ல மனுசி. எங்களோடு படிக்கிற சிவபாதம் மாஸ்டரைக் கூப்பிட்டு, எனக்குத் தமிழில் விளக்கச் சொன்னார். மாஸ்டர் ஊரில் கணக்குப் படிப்பித்தவர். வகுப்பில் எந்தக் கேள்விக்கும் முதலில் கை தூக்குகிறவர் அவர்தான்.

"அக்கா, வெர்ப் எண்டால் வினைச்சொல்" என்றார் மாஸ்டர்.

"வினைச்சொல் எண்டால்?"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "என்னக்கா, தமிழிலைதானே சொல்லுறன்!"

"தமிழ்தான் மாஸ்டர். நான் அஞ்சாம் வகுப்போடை நிண்டனான்."

"செய்யிற வேலையைச் சொல்லுற சொல். ஓடுறது, சாப்பிடுறது, நித்திரை கொள்ளுறது. விளங்கிச்சோ?"

விளங்கியது போலத்தான் இருந்தது. ஆனால் இந்த மொழியில் விளங்கினதும் நிலைக்காது. வோக் என்றால் நடப்பது. ஒரு நாள் அதற்கு இரண்டு கோடு போட்டேன், சரி. அடுத்த கிழமை வேறொரு வசனத்தில் அதே வோக் வந்தது, அதே இரண்டு கோடு போட்டேன், பிழை. இந்த இடத்தில் அது பெயர்ச்சொல்லாம், வட்டம் போட வேண்டுமாம். போன கிழமை நடந்துகொண்டிருந்தது இந்தக் கிழமை எப்படி உட்கார்ந்துவிட்டது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நான் வகுப்பில் கேட்பதில்லை. வாயைத் திறக்க முன்னமே எனக்கு முகம் சூடாகிவிடும்.

பிறகு ஏன் இந்த வகுப்புக்குப் போகிறாய் என்று கேட்பீர்கள். என் மகனும் அதைத்தான் கேட்டான். அவனுக்குச் சொன்ன பதில், பொழுது போவதற்கு. உண்மையான பதில் வேறு. ஒரு பெண் வைத்தியரிடம், மகன் பக்கத்தில் இல்லாமல், ஒரேயொரு விசயத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு நாலு வசனம் வேண்டும். அந்த நாலு வசனத்துக்காகத்தான் இரண்டு வருடமாக இந்த நாயின் கீழ் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

2

அந்த விசயத்தை இங்கே எழுதத்தான் போகிறேன். அதற்காகத்தான் இந்தக் குறிப்பையே எழுதுகிறேன், என் பெயரையும் போடவில்லை, மற்றவர்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். ஊரில் இதை வாசிக்கிற பெண்களில் யாருக்காவது இருக்கக்கூடும்.

மூன்று வருடத்துக்கு முன்னர் எனக்குக் கீழே ஏதோ இறங்கத் தொடங்கியது. நடந்தால் வரும், நின்றால் வரும், படுத்தால் உள்ளே போய்விடும். தும்மினால் சீலை நனையும். கோயிலில் பூசை முடியும்வரை நிற்க முடியவில்லை. பஸ்ஸில் ஒரு பக்கமாகச் சரிந்துதான் இருப்பேன். வகுப்பில் கதவுக்குப் பக்கத்துக் கதிரை என்னுடையது, கழிவறைக்கு ஓடிப் போவதற்கு.

எனக்கு மூன்றும் ஆண்பிள்ளைகள். ஒருவன் பிரான்சில், ஒருவன் லண்டனில். மூத்தவன் ரமணன் பிக்கரிங்கில். காலையில் ரெயின் எடுத்து நகரத்துக்கு வேலைக்குப் போய், இருட்டினபிறகு வருகிறவன். எனக்கு ஏதும் என்றால் லீவு போட்டு, காரில் வந்து, என்னை ஏற்றிக்கொண்டு போய், வைத்தியரின் அறைக்குள்ளும் கூடவே வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருப்பான். குறை சொல்ல முடியாத பிள்ளை. அதுதான் கரைச்சல்.

எங்கள் குடும்ப வைத்தியர் தமிழர்தான். தமிழ் வைத்தியர் இருக்கும்போது மொழி ஏன் என்று நினைப்பீர்கள். அவருடைய தாயார் கோயிலில் எனக்குப் பக்கத்தில் இருந்து தேவாரம் பாடுகிறவர். அவருடைய கலியாணத்துக்கு நான் பலகாரம் சுட்டுக் கொடுத்தேன். அந்தப் பிள்ளையிடம், அதுவும் என் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தச் சொல்லை எடுத்து எப்படிச் சொல்வது?

"சொல்லுங்கோ அன்ரி, என்ன செய்யுது?"

"வயித்துக்குள்ளை ஒரு மாதிரி."

"ஒரு மாதிரி எண்டால்? நோகுதோ, எரியுதோ?"

நான் நிலத்தைப் பார்த்தேன். ரமணன் எனக்காகச் சொன்னான். "எரியுதாக்கும். அம்மா சரியான உறைப்புச் சாப்பிடுறவ."

அவ்வளவுதான். என்னைப் பெரிய வைத்தியரிடம் அனுப்பினார்கள். அங்கே தொண்டைக்குள்ளால் குழாய் விட்டுப் பார்த்தார்கள். என் வருத்தம் இருந்த இடம் எங்கே, அவர்கள் தேடிப் போன வழி எங்கே! ஒன்றும் இல்லை, ஆனாலும் மிளகாய்த்தூளை நிறுத்துங்கள் என்றார்கள். மருமகள் அன்றைக்கே என் குசினியைத் துப்புரவாக்கினாள். இரண்டு வருடம் மஞ்சள் தண்ணீரில் அவித்த மரக்கறி. வாயில் வைத்த நேரமெல்லாம் அழுகை வந்தது, கோபத்தில். கோபம் யாரில் என்றும் தெரியவில்லை. வயிறு என்று சொன்னது நான்தானே.

மருமகளிடம் சொல்லியிருக்கலாமே என்று ஒருத்தி நினைக்கக்கூடும். அவள் நல்லவள். ஆனால் தன் தாயாரிடம் சொல்லாமல் இருக்க மாட்டாள். அந்தத் தாயார் அஜின்கோர்ட்டில் தமிழ்க்கடைக்குப் போகிற நாளெல்லாம் பத்துப் பேரைச் சந்திக்கிறவர்.

3

ஊரை நினைத்து உருகுகிறவர்களின் எழுத்தை நானும் வாசிப்பதுண்டு. எனக்கு அப்படி வருவதில்லை. ஊரை நினைக்கும்போதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள். எனக்குப் பின்னால் நாலு பேர், அம்மாவுக்கு உதவி வேண்டும். தமிழில் கடிதம் எழுத, பேப்பர் வாசிக்க அது போதும் என்றார்கள். அதற்குப் போதும்தான். ஆனால் ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய ஒரு சொல்லைப் பள்ளிக்கூடத்திலும் தரவில்லை, வீட்டிலும் தரவில்லை. மூன்று பிள்ளை பெற்றேன். மூன்று முறையும் என் உடம்பில் நடந்ததற்குப் பெயர் எனக்குத் தெரியாது.

பெண்கள் எங்களுக்குள் கதைக்கும்போதும் அப்படித்தான். அவவுக்கு ஒரு கரைச்சலாம். இவவுக்குக் கொஞ்சம் ஒரு மாதிரியாம். அதோடு நிறுத்திவிட்டுத் தலையை ஆட்டுவோம். கேட்கிறவள் விளங்கிக்கொள்ள வேண்டும். விளங்காவிட்டாலும் விளங்கின மாதிரித் தலையை ஆட்ட வேண்டும்.

எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், பூரணமக்கா என்று ஒருவர் இருந்தார். எப்போதும் ஒரு கையால் அடிவயிற்றை அமத்திக்கொண்டு நடப்பார். கிணற்றில் தண்ணீர் அள்ளினால் இரண்டு வாளிக்கு ஒருமுறை குந்தி இருப்பார். அது அவருடைய நடை என்றே நினைத்திருந்தோம். சின்னப் பிள்ளைகள் அவரைப் போல நடந்து காட்டிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஒன்பது பிள்ளை பெற்றவர். முப்பது வருடம் அப்படி நடந்து, அப்படியே செத்துப் போனார்.

எனக்கு இங்கே பஸ் தரிப்பில் அடிவயிற்றில் கை போன முதல் நாள், கண்ணாடிச் சுவரில் என்னைப் பார்த்தேன். பூரணமக்கா நின்றார்.

4

வகுப்பில் ஒரு நாள் உடம்பு உறுப்புகளின் பாடம் என்று மிஸ் சொன்னார். இன்றைக்காவது உருப்படியாக ஒன்று கிடைக்கும் என்று கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். பெரிய படம் ஒன்றைச் சுவரில் தொங்கவிட்டார். நல்ல சேர்ட்டும் காற்சட்டையும் போட்ட ஒரு ஆம்பிளை. தலை, கழுத்து, தோள், நெஞ்சு, வயிறு என்று அம்புக்குறி போட்டு வந்தது. வயிற்றுக்குப் பிறகு நேரே முழங்கால்.

வயிற்றுக்கும் முழங்காலுக்கும் நடுவில் இந்த நாட்டு மனிதருக்கும் ஒன்றும் இல்லை. காற்சட்டைதான் இருக்கிறது.

மிஸ்ஸிடம் கேட்டிருக்கலாம். மாஸ்டர் முன் வரிசையில் இருந்தார். நான் கேட்டால் அதை எனக்குத் தமிழில் விளக்குகிற வேலை அவருக்குத்தான் போகும்.

உடல்நலத்துக்கென்று இருக்கிற ஒரு ரெலிபோன் இலக்கத்தைப் பிறகு கண்டுபிடித்தேன். ஒன்றை அமத்து, இரண்டை அமத்து என்று அரை மணித்தியாலம். கடைசியில் ஒரு பெண் வந்து, எந்த மொழி வேண்டும் என்று கேட்டாள். தமிழ் என்றேன். பொறுங்கள், மொழிபெயர்ப்பாளரைத் தருகிறேன் என்றாள். பாட்டுப் போட்டார்கள். பாட்டு நின்றதும் ஒரு ஆம்பிளைக் குரல்.

"வணக்கம் அம்மா! சொல்லுங்கோ. குரலைக் கேட்க எங்கடை பக்கம் போலை கிடக்கு. நீங்கள் எந்த ஊர்?"

"றோங் நம்பர்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. தமிழில் இதைச் சொல்ல என்னால் முடியவே முடியாது. தமிழில் எந்தச் சொல்லை எடுத்தாலும் அதற்குப் பின்னால் என் அம்மா நிற்கிறார், மாமி நிற்கிறார், ஒழுங்கை முழுக்க நிற்கிறது. ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் யாரும் இல்லை. அதை நான் யாருடைய வாயிலும் கேட்டதில்லை, யாரும் என்னை அதட்ட அதைப் பாவித்ததுமில்லை. வெறும் சொல். ஒரு தட்டு மாதிரி, கரண்டி மாதிரி.

ஆனால் அந்த மொழியிலும் ஒளிக்க இடம் இல்லை என்று பிறகு தெரிந்தது. நாங்கள் நான் விதவை என்று சொல்வோம், முடிந்தது. இவர்களுக்கு ஐ ஆம் எ விடோ என்று நடுவில் ஒரு ஆம் வேண்டும். அதுவும் வினையாம், இரண்டு கோடு போட வேண்டுமாம். சும்மா இருப்பதற்கும் இந்த ஊரில் ஒரு வினை. அதோடு தமிழில் வினை கடைசியில்தானே வரும். எனக்கு, இப்ப கொஞ்ச நாளாய், கீழை, ஒரு... என்று இழுத்துக்கொண்டே போய், வினை வர முன்னம் நிறுத்திவிடலாம். ஆங்கிலத்தில் யார் என்று சொன்ன கையோடு என்ன நடக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். இழுக்க விடுகிறார்கள் இல்லை. இந்த மொழியைச் செய்தவர்களுக்கு வெட்கமே இருந்திருக்காது.

எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பவர் லின். சீனத்து மனுசி, என் வயதுதான் இருக்கும். ஒரு போத்தலில் எப்போதும் சுடுதண்ணீர் கொண்டு வருவார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஐம்பது ஆங்கிலச் சொல் இருக்கும். ஒரு நாள் வகுப்பு முடிந்து பஸ் தரிப்பில் நிற்கும்போது, நான் அடிவயிற்றில் கை வைத்திருந்ததை லின் பார்த்தார். என் கையைச் சுட்டினார். பிறகு தன் கையைத் தன் அடிவயிற்றில் வைத்தார். மேலிருந்து கீழே கையை இறக்கிக் காட்டினார்.

"கம் டவுன்?" என்று கேட்டார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓம் என்று தமிழில்தான் வந்தது. லின்னுக்கு விளங்கியது.

"மீ, சேம்" என்றார் லின். தனக்கும் அதேதானாம். கட்டைவிரலையும் மற்ற விரலையும் சேர்த்து ஒரு வளையம் காட்டினார். வடக்கே பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில் ஒரு கடைத்தொகுதியில் இருக்கிற கிளினிக்கின் பெயரை என் கொப்பியில் எழுதினார். வியாழக்கிழமைகளில் அங்கே ஒரு பெண் வைத்தியர் வருகிறாராம். முன்கூட்டிக் கேட்கத் தேவையில்லையாம், போய் இருந்தால் போதுமாம். "லேடி டொக்டர்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, என் முகத்துக்கு நேரே விரலை ஆட்டி, "நோ சன்" என்றார். அவருக்கும் ஒரு மகன் இருக்கிறான்.

5

புதன்கிழமை வகுப்பு முடிந்து வந்து, இரவுவரை இருந்து நாலு வசனத்தை எழுதினேன். தமிழ் எழுத்தில் போடுகிறேன், வாசித்துப் பாருங்கள்.

ஐ ஹாவ் த்ரீ சில்ட்ரன். எனக்கு மூன்று பிள்ளைகள் என்று அர்த்தம். சம்திங் கம்ஸ் டவுன் பிட்வீன் மை லெக்ஸ். ஏதோ ஒன்று கால்களுக்கு நடுவில் இறங்குகிறது. ஐ வோக், இட் கம்ஸ், ஐ ஸ்லீப், இட் கோஸ். நடந்தால் வருகிறது, படுத்தால் போகிறது. கடைசி வசனம், ஐ ஹைட் இட் ஃபுறம் மை சன். மகனிடமிருந்து மறைக்கிறேன்.

எழுதி முடித்ததும் கை தானாகவே வேலையைத் தொடங்கிவிட்டது. இரண்டு வருடப் பழக்கம். பிள்ளைகளுக்கு வட்டம், காலுக்கு வட்டம், மகனுக்கு வட்டம். இறங்குவதற்கு, நடப்பதற்கு, வருவதற்கு, படுப்பதற்கு, போவதற்கு, மறைப்பதற்கு எல்லாம் இரண்டிரண்டு கோடு. அடிமட்டம் வைத்து நேராகத்தான் போட்டேன். போட்டு முடித்த பிறகுதான், இது மிஸ்ஸுக்குக் கொடுக்கிற தாள் இல்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அந்தக் கொப்பியில் அதுதான் கடைசி ஒற்றை, திருப்பி எழுத வேறு தாள் இல்லை.

வியாழக்கிழமை வகுப்புக்குப் போகாமல் வடக்கே போகிற பஸ்ஸில் ஏறினேன். எழுபத்தொரு வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் போட்டேன்.

கிளினிக்கில் முன்னால் இருந்த பெண் ஒரு படிவத்தைத் தந்தாள். பெயர், பிறந்த திகதி, விலாசம், ரெலிபோன். இங்கே வந்த நாளிலிருந்து எத்தனை படிவம் நிரப்பியிருப்பேன்! பார்க்காமலே எழுதுவேன். வந்த காரணம் என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டுக் கொடுத்தேன். அவள் அந்த இடத்தைப் பேனாவால் தட்டி, உரத்த குரலில் காரணம் கேட்டாள். எனக்குப் பின்னால் ஒரு தமிழ்ப் பிள்ளை கைக்குழந்தையோடு இருந்தது. நான் என் தாளை மடித்து நீட்டினேன். அவள் வாசித்தாள். குரலைத் தாழ்த்தி, சரி, போய் இருங்கள் என்று தாளைத் திருப்பித் தந்தாள்.

கதிரையில் இருந்ததுதான் தாமதம், அந்தத் தமிழ்ப் பிள்ளை திரும்பிப் பார்த்தது. "அன்ரி, நீங்கள் எந்த இடம்?"

"பிக்கரிங்" என்று மகனுடைய இடத்தைச் சொல்லித் தப்பினேன். கடவுளே, இந்த ஊரில் ஒரு கதிரையில் நிம்மதியாக இருக்க முடியாது.

வைத்தியர் இளம் பெண். எந்த நாட்டவர் என்று தெரியவில்லை. தெரியாதது பெரிய ஆறுதலாக இருந்தது. வணக்கம் சொல்லி முடிக்க முன்னம் தாளைக் கொடுத்தேன். அவர் மேலிருந்து கீழே வாசித்தார். பிறகு திரும்பவும் வாசித்தார். இரண்டாம் முறை அவருடைய விரல் என் கோடுகளில் மட்டும் நின்று நின்று போனது. இறங்குகிறது. நடக்கிறேன், வருகிறது. படுக்கிறேன், போகிறது. மறைக்கிறேன்.

வருத்தத்தை அழுத்திச் சொல்லத்தான் நான் கோடு போட்டிருக்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். அப்படி இல்லை, இது வினைச்சொல் என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை. அவர் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்தார். கடைசி வசனத்தில் விரலை வைத்து, எவ்வளவு காலமாக என்று கேட்டார்.

"த்ரீ இயர்ஸ்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு எனக்கு விளங்குகிற மாதிரி மெதுவாக, கையாலும் காட்டிச் சொன்னார். மூன்று பிள்ளை பெற்ற உடம்பில் கருப்பையைத் தாங்குகிற சதை தளர்ந்து கீழே இறங்குவது வழமையாம். எத்தனையோ பெண்களுக்கு இருக்கிறதாம், முக்கால்வாசிப் பேர் சொல்வதில்லையாம். ஒரு படம் காட்டினார். அந்தப் படத்தில் வயிற்றுக்கும் முழங்காலுக்கும் நடுவில் எல்லாம் இருந்தது. பிறகு சோதித்துப் பார்த்துவிட்டு, இறங்காமல் தாங்குவதற்கு, லின் விரலால் காட்டியது போல ஒரு றப்பர் வளையத்தை அளவு பார்த்து உள்ளே வைத்துவிட்டார். சத்திரசிகிச்சை இல்லை, குழாய் இல்லை. மிளகாய்க்கும் இதற்கும் சம்பந்தம் உண்டோ என்று கையாலும் சொல்லாலும் கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் எனக்குப் பதில் கிடைத்தது. அளவு சரியா என்று பார்க்கத் திரும்ப வர வேண்டும், நாளைச் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்றார்.

பஸ் தரிப்புவரை நடந்தேன். ஒன்றும் இறங்கவில்லை. தரிப்பைத் தாண்டி அடுத்த தரிப்புவரை நடந்தேன். அங்கேயும் இறங்கவில்லை. மகிழ்ச்சியான நாய் என்றால் அன்றைக்கு நான்தான்.

6

திங்கட்கிழமை வகுப்பில் மிஸ் எல்லாருக்கும் முன்னால், வியாழக்கிழமை ஏன் வரவில்லை என்று கேட்டார். வராத நாளுக்குக் காரணம் எழுதி வைக்க வேண்டுமாம். மாஸ்டர் எனக்குத் தமிழில் சொல்லத் திரும்பினார். அவர் வாயைத் திறக்க முன்னம், "ஐ வென்ட் டு த டொக்டர்" என்றேன். வைத்தியரிடம் போனேன்.

மிஸ் கை தட்டினார். என்ன வருத்தம், சுகமா என்று ஒன்றும் கேட்கவில்லை. நடந்து முடிந்ததை முடிந்ததாகவே சொன்னதில் அவருக்கு அவ்வளவு சந்தோசம். மாஸ்டரும் தட்டினார். லின் மட்டும் மேசைக்குக் கீழே என் தொடையில் மெல்லத் தட்டினார்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது தூள் வாங்கிக்கொண்டு வந்தேன். நல்ல வறுத்த மிளகாய்த்தூள். மீன் குழம்பு வைத்தேன். கொதிக்கிற நேரம் கதவில் தட்டினார்கள். ரமணன். வேலை நாளில், பகலில், கழுத்தில் வேலை அட்டையோடு நின்றான்.

உள்ளே வந்து குசினிப் பக்கம் மூக்கைத் திருப்பினான். "அம்மா, உது என்ன மணம்? டொக்டர் உறைப்புச் சாப்பிட வேண்டாம் எண்டவரெல்லே?"

"அவருக்கு என்ன தெரியும்" என்றேன்.

வழமையாக அவன் அதற்கு அரை மணித்தியாலம் புத்தி சொல்லுவான். சொல்லவில்லை. சோபாவில் இருந்தான். வேலை அட்டையின் கயிற்றை விரலில் சுற்றினான். "ஒரு கிளினிக்கிலை இருந்து எனக்குக் கோல் பண்ணினவை" என்றான்.

நான் அகப்பையைச் சட்டிக்குள்ளேயே விட்டேன். படிவம்! இங்கே வந்த நாளிலிருந்து எந்தப் படிவத்திலும் ரெலிபோன் என்ற இடத்தில் நான் எழுதுகிற இலக்கம் ரமணனுடையது. எனக்கு மனப்பாடமான ஒரே இலக்கம் அது. மகனிடமிருந்து மறைக்கிறேன் என்று தாளில் எழுதி, இரண்டு கோடும் போட்டு, படிவத்தில் அவனுடைய இலக்கத்தையே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அந்தக் கோபத்தை என்ன சொல்வது? யாரைத் திட்டுவது?

"என்ன சொன்னவை?" என்று கேட்டேன்.

"திரும்பவும் வரட்டாம்." அவன் நிலத்தைப் பார்த்தான். "எதுக்கெண்டும் சொன்னவை."

குழம்பு கொதித்தது. நான் அடுப்பை நூர்த்துச் சட்டியை இறக்கினேன். அவன் வாயைத் திறந்தான். "அம்மா, உங்களுக்குக் கீழை..." என்று தொடங்கினான், நிறுத்தினான். என் பிள்ளைக்கும் என்னைப் போலவே முகம் சிவந்தது. நாற்பத்தாறு வயது, தலை நரைத்துவிட்டது. அவனுக்கும் தமிழில் அந்தச் சொல் இல்லை. நான் கொடுத்தால்தானே இருக்கும்.

இந்தப் பிள்ளைகள் எங்களோடு தமிழில் கதைத்துக்கொண்டிருந்துவிட்டு இடையில் ஆங்கிலத்துக்குத் தாவுவார்கள். பத்தொன்பது வருடமாக அதற்காக அவனை ஏசியிருக்கிறேன். வீட்டுக்குள் ஆங்கிலம் வேண்டாம் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். அன்றைக்கு அவன் நிலத்தைப் பார்த்தபடியே ஆங்கிலத்துக்குத் தாவினான்.

"டஸ் இட் ஹேர்ட்?"

நோகிறதா என்று கேட்கிறான். எனக்கு விளங்கியது. மாஸ்டர் இல்லாமலே விளங்கியது.

"நோ" என்றேன். "பிஃபோர், இட் கம்ஸ். நவ், நோ கம்ஸ்."

பிழையாகத்தான் சொல்லியிருப்பேன். அவன் திருத்தவில்லை. தலையை ஆட்டினான். இரண்டு பேரும் அவரவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, என் குசினி வாசலில், வெட்கம் இல்லாத அந்த மொழியில் இன்னும் நாலைந்து வசனம் கதைத்தோம். எவ்வளவு காலம் என்று கேட்டான். சொன்னேன். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டான். நான் தட்டை எடுத்தேன்.

சோற்றைப் போட்டு, மீன் குழம்பை விட்டுக் கொடுத்தேன். கண்ணீர் வர வரச் சாப்பிட்டான். உறைப்பு என்றான். இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டான். கை கழுவி, சப்பாத்துப் போட்டு, கதவில் கை வைத்தபடி நின்றான்.

"வாற வியாழக்கிழமை பத்து மணிக்காம்" என்றான். தமிழ் திரும்ப வந்துவிட்டது. "நான் கூட்டிக்கொண்டு போறன்."

என்னுடைய முகத்தை ஒருமுறை பார்த்தான்.

"வெளியிலை காருக்குள்ளை இருக்கிறன் அம்மா" என்றான். "உள்ளுக்கு வரமாட்டன்."